எச்.பி. கேட்டு பம்ப் வாங்காதீர்கள்: மண்டபம், விடுதி, சிறு ஆலை நடத்துபவர்களுக்கு

மண்டபத்தை எடுத்து நடத்த ஆரம்பித்த பதினோரு மாதத்தில் ஒரே மோட்டாருக்கு மூன்று தடவை காயில் கட்டினேன். மூன்றாவது தடவை எரிந்தது தை மாச முகூர்த்தம் ஒன்றில், விடிகாலை ஐந்தே காலுக்கு. மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் சோப்புப் போட்டபடி குளியலறையில் நிற்கிறார்கள். சமையல் மாஸ்டர் கரண்டியோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, இட்லிக் குண்டானுக்குத் தண்ணி வைக்கோணும், குழாயில காத்துத்தான் வருது." லாரித் தண்ணீர் வந்து சேர ஏழு மணி ஆகிவிட்டது. அன்றைக்கு வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எங்கள் மண்டபம் கிணத்துக்கடவு பக்கம். கோவையைச் சுற்றிலும் பம்ப் தயாரிப்பவர்கள்தான். அந்த ஊர்க்காரன் பம்ப் வாங்கத் தெரியாமல் விழித்தேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால் பம்பில் ஒரு குறையும் இல்லை, நான் வாங்கிய விதத்தில்தான் கோளாறு. நீங்கள் லாட்ஜ், ஹாஸ்டல், மெஸ், சின்ன ஆலை எது தொடங்கினாலும் இதே இடங்களில்தான் தடுக்கி விழுவீர்கள். கடைக்குப் போகும் முன் கீழே உள்ள வரிசையில் வேலையை முடித்துவிடுங்கள்.

1. தண்ணீர்த் தேவையை அளந்து எழுதுங்கள்

தேசியக் கட்டட விதித் தொகுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஹாஸ்டல் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், லாட்ஜ் என்றால் படுக்கைக்கு 180, ஓட்டல் என்றால் இருக்கைக்கு 70, அலுவலகம் என்றால் ஆளுக்கு 45. புதுக் கட்டடத்துக்கு இதை வைத்துத் தொடங்கலாம். ஏற்கெனவே ஓடும் இடமாக இருந்தால் கணக்கே வேண்டாம். ஒரு வாரம் தொட்டியில் அளவுகோல் போட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

நாள் முழுக்க எவ்வளவு என்பதைவிட எந்த நேரத்தில் எவ்வளவு என்பதுதான் முக்கியம். எங்கள் மண்டபத்தில் பெரிய முகூர்த்தத்துக்கு 28,000 லிட்டர் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் காலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும்: குளியல், சமையல், முதல் பந்திக்குக் கை கழுவ. மேலே 15,000 லிட்டர் தொட்டி. அது காலியானால் இரண்டு மணி நேரத்தில் திரும்ப நிரம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படியானால் மணிக்கு 7,500 லிட்டர், நிமிடத்துக்கு 125 லிட்டர். இந்த 125-ஐ ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு எண் கைக்கு வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. போர் தண்ணீரை இஞ்ச் கணக்கில் நம்பாதீர்கள்

போர் போடுபவர் "ரெண்டு இஞ்ச் தண்ணி இருக்குதுங்க" என்பார். இது குழாயின் அளவு இல்லை. வி-நாட்ச் என்ற முக்கோண வெட்டு போட்ட தகரத்தின் வழியே தண்ணீரை விட்டு, வெட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் ஓடுகிறது என்று பார்ப்பது. 90 டிகிரி வெட்டில் ஒரு இஞ்ச் என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் 1,000 இல்லை, 2,900 பக்கம். ஒன்றரை இஞ்ச் என்றால் 1,400 தான். அரை இஞ்ச் குறைந்தால் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும். வெட்டே இல்லாமல் கண் மதிப்பில் "ரெண்டு இஞ்ச்" என்பவர்களும் உண்டு.

ஆகவே பம்ப் இறக்கும் முன் வாடகை மோட்டார் வைத்து ஏழெட்டு மணி நேரம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். டிரம் 3 நிமிடம் 20 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு ஒரு லிட்டர், மணிக்கு 3,600. முதல் மணி நேரத்து அளவை எழுதாதீர்கள். கடைசி மணி நேரத்து அளவுதான் கணக்கு. கோடையில் இன்னும் குறையும்.

போருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்ப் தரும் தண்ணீர், போரில் ஊறும் தண்ணீரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நிறைய எடுக்கும் பம்பை வைத்தால் அரை மணி நேரத்தில் போர் காலி. பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு சூடேறும். எங்கள் போரில் ஊறுவது மணிக்கு 2,900 லிட்டர். 2,400 தரும் 3 எச்.பி. பம்ப் போட்டு, முந்தின நாளே சம்பை (தரையடித் தொட்டியை) நிரப்பி வைத்துக்கொள்கிறோம். கடையில் சொன்னது ஏழரை எச்.பி.

இன்னொரு வழுக்கல்: போர்க்காரர் அடியில் பேசுவார், கேட்டலாக் மீட்டரில் பேசும். 400 அடி என்றால் 122 மீட்டர். இதைக் குழப்பிக்கொண்டு 400 மீட்டர் ஹெட் (பைப் உராய்வையும் சேர்த்து பம்ப் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) பம்பு கேட்டவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

புது போர் என்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். வணிகத்துக்கோ ஆலைக்கோ நிலத்தடி நீர் எடுக்க நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தனி. தமிழ்நாட்டில் பிர்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி) வாரியாக நிலத்தடி நீரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் பிர்கா எந்த வகையில் வருகிறது என்று இடத்தை குத்தகைக்கு எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. முன்பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது மிகக் கசப்பான விஷயம்.

3. ஹெட் என்பது மாடிக் கணக்கு இல்லை

இனி சம்பிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் பம்ப். என்னைப் பதினோரு மாதம் ஆட்டி வைத்தது இதுதான்.

"எத்தனை மாடிங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "மூணு." "அப்ப அஞ்சு எச்.பி. போட்டுக்கங்க, பின்னாடி தொந்தரவே இருக்காதுங்க." கணக்கு அவ்வளவுதான். நானும் பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

உண்மையில் செய்ய வேண்டியது இது. சம்பில் தண்ணீர் ஆகக் கீழே இறங்கும் மட்டத்திலிருந்து, மேல் தொட்டியில் பைப் வாய் இருக்கும் உயரம் வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். எங்களுக்குத் தரைக்குக் கீழே 3 மீட்டர், மேலே 16, ஆக 19 மீட்டர். அதோடு பைப் உராய்வையும் சேர்க்க வேண்டும். பம்ப் கம்பெனி கேட்டலாக்கின் கடைசிப் பக்கங்களில் உராய்வு அட்டவணை இருக்கும், யாரும் புரட்டுவதில்லை. இரண்டு இஞ்ச் பைப்பில் நிமிடத்துக்கு 125 லிட்டர் போனால் 100 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.2 மீட்டர் ஹெட் வீணாகும். எங்கள் பைப் 60 மீட்டர். எல்போ, புட் வால்வ் (உறிஞ்சும் பைப்பின் அடி வால்வ்), என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வ்) எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 20 மீட்டர் பைப் இருப்பதாக வைத்துக்கொண்டேன். 80 மீட்டருக்கு 1.8. பைப் உள்ளே உப்புப் படிவதற்கும் வாயில் தண்ணீர் கொட்டுவதற்கும் 2 மீட்டர். மொத்தம் 23.

பைப் போட வந்த பிளம்பர் "ஒன்னேகால் இஞ்ச் போதும், செலவு பாதி" என்றார். அப்பா விடவில்லை, அந்தப் பிடிவாதத்தின் விலை பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதே 125 லிட்டர் ஒன்னேகால் இஞ்ச் பைப்பில் போனால் உராய்வு ஆறு மடங்கு. 1.8 இருந்த இடத்தில் 11 மீட்டர். ஹெட் 23-லிருந்து 32. அந்த ஒன்பது மீட்டருக்கு ஆயுசு முழுக்க கரண்ட் பில் கட்ட வேண்டும். சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் பைப் இல்லை.

4. எச்.பி. கடைசியில் தானாக வரும்

கையில் இரண்டு எண் வந்துவிட்டது: 125 லிட்டர், 23 மீட்டர். வினாடிக்கு எத்தனை லிட்டரோ அதை ஹெட்டால் பெருக்கி 75-ஆல் வகுங்கள். சிறிய பம்புகளுக்குத் திறனைப் பாதி என்று வைத்து இரண்டால் பெருக்குங்கள். 2.08 × 23 ÷ 75 × 2 = 1.28. ஒன்றரை எச்.பி. போதும். கடைக்காரர் கொடுத்தது ஐந்து.

இருந்துவிட்டுப் போகட்டும், பெரிய மோட்டார் சின்ன வேலையைச் சுலபமாகச் செய்யுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். தொட்டி 40 நிமிடத்தில் நிரம்பியதும் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி ட்ரிப் ஆனது. எலக்ட்ரீசியன் வந்து, "அண்ணா, ரிலேவக் கொஞ்சம் ஏத்தி வச்சுட்டனுங்க, இனி நிக்காதுங்க" என்றார். நிற்கவில்லைதான். காயில் எரியும் வரை நிற்கவில்லை.

மூன்றாவது தடவை காயில் கட்டிக் கொண்டுவந்தபோது காயில் கடைப் பெரியவரே மண்டபத்துக்கு வந்தார். மோட்டாரைப் போடச் சொல்லி கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினார். 9.4 ஆம்பியர். பிளேட்டில் எழுதியிருப்பது 7.5. "தம்பி, மேல போற வால்வ மெதுவா மூடுங்க" என்றார். மூடினால் மோட்டாருக்குச் சுமை கூடத்தானே செய்யும் என்று எனக்குக் கை நடுங்கியது. ஒரு சுற்று, 9.0. இரண்டு, 8.3. இன்னும் ஒன்றரைச் சுற்றில் 7.3-க்கு வந்து நின்றது. பம்பின் இரைச்சலும் அடங்கியது. "பிளேட்டப் பாருங்க. முப்பத்தெட்டுல இருந்து அம்பது மீட்டருக்குச் செஞ்ச பம்பு. நீங்க அவ்ளோ உசரம் ஏத்தறதே இல்ல. தடையே இல்லாம தண்ணி கொட்டுது, மோட்டார் ஓடி ஓடிச் சாகுது."

அதுதான் விஷயம். சுழலும் சக்கரம் (இம்பெல்லர்) தண்ணீரை வீசித் தள்ளும் சென்ட்ரிபியூகல் பம்பில் ஹெட் குறைந்தால் தண்ணீர் கூடும். தண்ணீர் கூடினால் ஆம்பியர் ஏறும். தேவைக்கு மேல் ஹெட் உள்ள பம்ப் பாதுகாப்பு இல்லை, அதுதான் மோட்டாரை எரிக்கும். வால்வை மூடி ஓட்டுவது அன்றைக்குப் பிழைக்க வழி. அதற்கு மேல் அது ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பது மாதிரி.

ஆகவே கேட்டலாக்கில் உங்கள் ஹெட்டுக்கு நேரே எத்தனை லிட்டர் என்று பாருங்கள். உங்கள் புள்ளி, அந்த பம்பின் ஹெட் வரம்புக்கு நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழக் கூடாது. 16-லிருந்து 30 மீட்டர் வரை வேலை செய்யும் ஒரு 2 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பு), 23 மீட்டரில் 140 லிட்டர் தந்தது. அதையே இரண்டு வாங்கினேன். ஒன்று ஓட, ஒன்று ஓய்வில். வாரம் மாற்றி வாரம் ஓட்டுகிறோம். மாற்றாமல் விட்டால் ஓய்வில் இருக்கும் பம்ப் துரு ஏறி, அவசரத்துக்குச் சுற்றாது.

மின்சாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பீர்கள். பெரிதாக இல்லை. பழையது ஒரு தொட்டிக்கு 3.8 யூனிட் குடித்தது, புதியது சுமார் இரண்டரை. எனக்கு மிச்சமானது காயில் கூலி, லாரித் தண்ணீர், தூக்கம்.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. போட்டால் பாதிக் கரண்ட் மிச்சம் என்று விற்பவர்கள் வருவார்கள். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் பவர் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் ஹெட்டும் 64 சதவீதமாகிவிடும். எங்கள் பம்புக்கு உச்ச ஹெட் 30 என்று வைத்துக்கொண்டால் அது 19.2 ஆகும், தொட்டி வாயே 19-ல் இருக்கிறது. பம்ப் சுற்றும், தண்ணீர் சொட்டும். உயரத்துக்கு ஏற்றுவதே பெரும்பாலான வேலை என்றால் வி.எஃப்.டி.யால் பெரிய லாபமில்லை. கூலிங் டவர் சுற்றோட்டம், நேரடியாகக் குழாய்களுக்கு அழுத்தம் தரும் பூஸ்டர் போன்ற இடங்களில் அது காசைத் திருப்பித் தரும்.

ஆலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெந்நீர் என்றால் கணக்கு மாறும். 80 டிகிரித் தண்ணீரை உறிஞ்சும்போது பம்பின் உறிஞ்சும் உயரம் கிட்டத்தட்ட 5 மீட்டர் குறைந்துவிடும். தொட்டியைவிடத் தாழ்வாக பம்பை வைத்து, தண்ணீர் தானாக வந்து விழும்படி செய்யுங்கள். சாயக் கழிவுநீர், உப்புநீருக்கு வார்ப்பிரும்பு பம்ப் ஆகாது; எந்த உலோகம் என்று பம்ப் தருபவரிடம் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். தீயணைப்பு பம்பைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஒருபோதும் எடுக்காதீர்கள்.

5. கடையில் கையோடு வாங்க வேண்டிய காகிதங்கள்

ஜி.எஸ்.டி. பில். அதில் பம்பின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். மாடல் பெயர் மட்டும் போதாது. தண்ணீர் பம்புகளுக்கான வரியை 2022 ஜூலையில் 12-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். விலை பேசும்போது வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 சதவீத வரியில் ஓட்டல் நடத்துபவர்கள் இந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது செலவுதான்.

தேதியோடு முத்திரை வைத்த வாரண்டி அட்டை. வாரண்டி பில் தேதியிலிருந்தா, தயாரித்த தேதியிலிருந்தா என்று படியுங்கள். கடையில் ஒரு வருடம் கிடந்த பம்ப் உங்கள் கைக்கு வரும்போது வாரண்டியில் பாதி போயிருக்கலாம்.

அந்த மாடலின் ஹெட்-லிட்டர் அட்டவணை அல்லது வளைகோட்டுத் தாள். பெரிய பம்ப் என்றால் அதே சீரியல் நம்பருக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க கோவையிலேயே சிட்டார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை. போர் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக்குக்கு 9079, ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு 14220. முத்திரைக்குக் கீழே உள்ள சி.எம்./எல். எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

6. ஈ.பி. ஆபீஸ்

ஒரு எச்.பி. என்றால் 746 வாட். மண்டபத்தின் விளக்கு, ஏ.சி., லிப்ட், கிரைண்டர் எல்லாவற்றோடும் பம்பின் லோடைக் கூட்டிப் பாருங்கள். அனுமதி வாங்கிய லோடைத் தாண்டினால் அபராதம். கூடுதல் லோடுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். சொத்து வரி ரசீது, பழைய பில், லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கை, குத்தகை இடமென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். என்னை இழுத்தடித்தது அந்தச் சம்மதக் கடிதம்தான். இடத்துக்காரர் பெயர் ஈ.பி. கார்டில் ஒரு மாதிரியும் வரி ரசீதில் வேறு மாதிரியும் இருந்தது. 19 நாள் போனது. பம்ப் வாங்கிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள், விண்ணப்பித்துவிட்டு வாங்குங்கள்.

7. பொருத்தும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பாதித் தொல்லை இந்த நாலு மணி நேரத்தில்தான் விதைக்கப்படுகிறது.

உறிஞ்சும் பைப்பில்தான் உங்கள் கண் இருக்க வேண்டும். காற்று மண்டலத்தின் அழுத்தம் தள்ளித்தான் தண்ணீர் மேலே ஏறுகிறது. ஏட்டில் 10 மீட்டர், நடப்பில் 6, 7-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பம்ப் வாயைவிட ஒரு அளவு பெரிய பைப், முடிந்தவரை குட்டையாக, எல்போ குறைவாக. பம்பை நோக்கி லேசாக ஏற்றமாகவே வர வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று உட்கார்ந்துகொள்ளும். புட் வால்வ் சம்பின் தரையிலிருந்து ஒரு அடியாவது மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் சேற்றை இழுக்கும்.

மேலே போகும் பைப்பில் பம்புக்குப் பக்கத்தில் என்.ஆர்.வி., அதற்கு அடுத்து கேட் வால்வ், நடுவில் ஒரு பிரஷர் கேஜ். கேஜ் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். வையுங்கள். பம்புக்கு நாடி பார்க்க வேறு வழியில்லை.

மூன்று பேஸ் மோட்டார் என்றால் சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் சென்ட்ரிபியூகல் பம்ப் தண்ணீர் தரும், குறைவாக. "புது பம்ப் சரியில்லை" என்று கடையில் சண்டை போட்டவர்களில் பலருக்கு இரண்டு ஒயர் மாறியிருந்ததுதான் வியாதி. தெருவில் ஈ.பி. லைன் வேலை நடந்த மறுநாளும் இதைப் பாருங்கள்.

போரில் இறக்கும் தண்ணீர் நிரப்பும் வகை சப்மெர்சிபிள் மோட்டாருக்கு, இறக்கும் முன் உள்ளே சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும். அவசரத்தில் மறந்துவிடுவார்கள். கண்ணெதிரே ஊற்றச் சொல்லுங்கள். கேபிள் ஜாயின்ட் போட்டதும், கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெகரில் ஒரு தடவை, இறக்கி முடித்ததும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

8. ரிலேவை யாரும் தொடக் கூடாது

ஓவர்லோடு ரிலேயை பிளேட்டில் உள்ள ஆம்பியரில் வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பிப் பிறகு முழு ஓட்டத்துக்கு மாற்றுவது) ரிலே வழக்கமாக மோட்டார் காயில் பக்கம் இருக்கும். அங்கே பிளேட் ஆம்பியரில் 58 சதவீதம். இது தெரியாமல் முழு ஆம்பியர் வைத்தால் ரிலே வெறும் அலங்காரம்.

ரிலே ட்ரிப் ஆனால் அது கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை; உங்களிடம் ஏதோ சொல்கிறது. நான் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டி சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை-ரன் பாதுகாப்பும் கட்டாயம். எனக்கு இரண்டும் சேர்த்துப் பேனல் வேலை 6,500 ரூபாய் ஆனது. ஒரு காயில் கட்டும் கூலி 4,800.

9. தினமும் ஓட்டுபவருக்கு

வாட்ச்மேன்தான் மோட்டார் போடுவார். அவருக்குப் புரியும்படி நாலு வரி எழுதி பம்ப் ரூம் சுவரில் ஒட்டுங்கள்.

போடும் முன் பம்பில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் வால்வை மூடி வைத்து மோட்டாரைப் போட்டு, வேகம் எடுத்ததும் மெதுவாகத் திறக்க வேண்டும். மூடியபடியே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, உள்ளே தண்ணீர் கொதிக்கும். இந்த மூடித் திறக்கும் முறை சென்ட்ரிபியூகலுக்குத்தான். வீட்டுக்குப் போடும் சின்ன செல்ப் பிரைமிங் வகைகளில் பலவற்றுக்கு மூடினால் ஆம்பியர் ஏறும். மருந்து டோசிங் பம்ப் போன்றவற்றை மூடிப் போட்டால் பைப்பே வெடிக்கும்.

ஒரு நோட்டு வைத்து வோல்டேஜ், ஆம்பியர், கேஜ் அழுத்தம், தொட்டி நிரம்பிய நேரம் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும், பிறகு எண்களே பேசும். ஆம்பியரும் அழுத்தமும் சேர்ந்து இறங்கினால் உறிஞ்சும் பக்கம் காற்றோ அடைப்போ. அழுத்தம் இறங்கி ஆம்பியர் ஏறினால் மேல் பைப் எங்கோ உடைந்து தண்ணீர் வீணாகிறது. அழுத்தம் ஏறி ஆம்பியர் இறங்கினால் மேலே யாரோ வால்வை மூடியிருக்கிறார்கள். பம்புக்குள் ஜல்லி உருட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் உறிஞ்சத் தண்ணீர் போதவில்லை. அப்படியே விட்டால் இம்பெல்லரைக் கறையான் அரித்த மாதிரி அரித்துவிடும்.

ஷாப்டைச் சுற்றிக் கசிவை அடக்க கிளாண்ட் கயிறு போட்ட பம்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத்தான் வேண்டும். எங்கள் பழைய வாட்ச்மேன் சுத்தக்காரர். சொட்டுவது பிடிக்காமல் ஸ்பானர் போட்டு இறுக்கிவிட்டார். கயிறு கருகி, ஷாப்ட் ஸ்லீவும் போயிற்று.

10. அப்படியும் காயில் எரிந்தால்

வாரண்டிக்குள் என்றால் மோட்டாரைத் திறக்கவே விடாதீர்கள். நான் அவசரத்தில் முதல் தடவை நேராகக் காயில் கடைக்கு எடுத்துப்போனேன். வாரண்டி அத்தோடு முடிந்தது.

வாரண்டி இல்லை என்றால், பழைய காயிலை வெட்டி எடுக்கும் முன் போட்டோ எடுங்கள். எல்லாக் கொத்தும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு. ஸ்டாரில் கட்டிய மோட்டாரில் இரண்டு பேஸ் கருகி ஒன்று பளிச்சென்று இருந்தால் ஒரு பேஸ் போய் ஓடியிருக்கிறது. டெல்டா என்றால் ஒரு பேஸ் மட்டும் கருகும். என் மூன்று காயிலும் முழுக்கக் கருகிக் கிடந்தன. முதல் தடவையே பார்த்திருந்தால் மற்ற இரண்டும் எரிந்திருக்காது.

காயில் கட்ட இரண்டு நாள் சொல்வார்கள், வெயில் காலத்தில் ஐந்தாகும். வார்னிஷ் போட்டு அடுப்பில் காய வைக்காமல் அவசரமாகத் தந்தால் வாங்காதீர்கள். நான் இப்போது ஆடி பிறந்ததும் இரண்டு பம்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி பேரிங், சீல், புட் வால்வ் பார்த்துவிடுகிறேன். மண்டபத்தில் கல்யாணம் இல்லை, காயில் கடையிலும் கூட்டம் இல்லை. மார்கழியில் இன்னொரு தடவை சம்பு கழுவி, நோட்டைப் புரட்டி, தை முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு நானே கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கிறேன். 3.3 காட்டினால் போய்ப் படுத்துவிடுவேன்.